எக்ஸாக்ட்லி ஐந்து மணி

இங்கிலீஷில் எனக்கு முதலில் படிந்தவை அளவைச் சொற்கள்தான். "சாப்பிட்டீர்களா" என்று கேட்கத் தெரியாது, "அப்ராக்ஸிமேட்லி" தெரியும். பாறசாலைப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டுத் திருவனந்தபுரத்தில் இன்டர்மீடியட் சேர்ந்தவள் நான். பிசிக்ஸ் டீச்சர் பேசுவதில் பாதி காற்றோடு போய்விடும். கையில் சிக்கியதை நோட்டில் தமிழெழுத்தில் எழுதிக்கொள்வேன். எஸ்டிமேட் என்றால் மதிப்புப் போடுவது. எரர் என்றால் எவ்வளவு கவனமாக அளந்தாலும் வந்தே தீரும் பிசகு. அப்படி ஒரு நாற்பது, ஐம்பது சொல்.

டீச்சருக்கு ஒரே ஒரு சொல்லைக் கண்டால் ஆகாது. எக்ஸாக்ட்லி. ஊசலின் நீளம் "எக்ஸாக்ட்லி நூறு சென்டிமீட்டர்" என்று நான் எழுதிக் கொடுத்தபோது சிவப்பு மையால் ஒரே கோடு கிழித்தார். "நீ என்ன கடவுளா? உன் கண்ணுக்குப் பிசகே கிடையாதா? எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம், அதையும் எழுது. எழுதாமல் மறைத்தால் அது பொய்." வகுப்பே சிரித்தது. எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. அன்றிலிருந்து அந்தச் சொல்லை நான் தொட்டதில்லை.

எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த காலம். எங்கள் ஊர்கள் தமிழ்நாட்டோடு போகுமா, இங்கேயே மலையாள ராஜ்யத்தில் நிற்குமா என்று யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் நெய்யாற்றின்கரை தாண்டுவது வரை நான் வாயைத் திறக்க மாட்டேன். தமிழ் பேசினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், மலையாளம் பேசினால் வேறே நாலு பேர் முறைப்பார்கள். எதற்கு வம்பு என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வருவேன். எங்கள் ஊர்ப் பேச்சில் பயத்துக்குப் பேடி என்று பேர். பேடி என்றால் அப்படியொரு பேடி.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாறசாலை ரோட்டில் யாரோ எறிந்த கல்லில் பஸ் கண்ணாடி உடைந்தது. மறுநாள் விடிந்ததும் போலீஸ் எங்கள் வீடுகள் இருக்கும் வளைவுக்குள் வந்து இரண்டு பேரைக் கூட்டிப்போனது. ஒருவன் என் அண்ணன். பாறசாலையில் தையல்கடை வைத்திருந்தான், வீட்டிலும் ஒரு மிஷின் உண்டு. இன்னொருவர் பக்கத்து வீட்டு அக்காவின் புருஷன், தறி நெய்கிறவர். சனிக்கிழமை இரண்டு பேரும் பேசிக்கொண்டே ஒன்றாகத்தான் நடந்து வந்தார்கள். நான் முற்றத்தில் நின்று பார்த்தேன். கல்லெறியவில்லை என்று அண்ணன் சொன்னான், நான் நம்பினேன்.

திங்கட்கிழமை இரண்டு வீட்டாரையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அம்மா வெப்ராளப்பட்டு, பதறிப்போய் என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீ படிச்சவளாக்கும். நீ போய்ச் சொல்லு மக்கா. உனக்க அண்ணன எப்படியாவது வெளிய கொண்டு வா" என்றாள். படித்தவளாம்!

விசாரித்த அதிகாரி வடக்கே மலையாளப் பக்கமிருந்து வந்தவர். முன்னால் காகிதம், பேனா. மேஜையோரம் நிற்கச் சொல்லி, "சேட்டன் எத்ர மணிக்கா வீட்டில் வந்நது?" என்று அண்ணன் வீட்டுக்கு வந்த நேரத்தைக் கேட்டார். தமிழில் பதில் சொன்னால் போராட்டக் கட்சிக்காரி என்று நினைத்துவிடுவார். மலையாளத்தில் சொல்லலாம், ஆனால் பதற்றத்தில் என் மலையாளத்தில் தமிழ் வாடை அடிக்கும். அதனால் எனக்குத் தெரிந்த கொஞ்சம் இங்கிலீஷை எடுத்தேன். "ஃபைவ், சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பஸ் கண்ணாடி உடைந்தது ஐந்து பத்துக்கு என்று கண்டக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த இடத்திலிருந்து எங்கள் வீடு அரைமணி நடை. ஐந்துக்கு வீட்டில் இருந்தவன் கல்லெறிந்திருக்க முடியாது. ஐந்தேமுக்காலுக்கு வந்தவன் எறிந்திருக்கலாம். இது எனக்குப் புரிந்தது, அவருக்கும் புரிந்தது.

"அப்ராக்ஸிமேட்லி?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. அம்மா உலையில் அரிசி போட்டிருந்தாள், வெயில் தென்னை மட்டைக்குக் கீழே இறங்கியிருந்தது, அவ்வளவுதான் தெரியும். ஐந்தாகவும் இருக்கலாம், ஐந்தேமுக்காலாகவும் இருக்கலாம். உள்ளதைச் சொல்வதென்றால் "ஆமாம்" என்றுதான் சொல்ல வேண்டும். சொன்னால் அண்ணன் உள்ளேதான்.

"நோ, சார். எக்ஸாக்ட்லி."

எந்தக் கடிகாரம் என்று கேட்டார். சபைக் கோயிலில் ஐந்து மணிக்கு அடிக்கும் மணியோசை கேட்டபோது அண்ணன் வாசல் படலையைத் திறந்தான் என்றேன். மணி கேட்டதா இல்லையா என்று எனக்குச் சத்தியமாக ஞாபகமில்லை. அவர் எழுதிக்கொண்டார். கூட யார் வந்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே அண்ணனை விட்டுவிட்டார்கள். அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.  எனக்கோ படலை ஆடினால்கூட என்னைக் கூப்பிட வந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றியது.

மறுநாள் நான் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா வந்தாள். இரண்டு நாளாகச் சாப்பிடாத முகம்.

"எனக்க மாப்பிள்ளைய விடல்ல மக்கா. ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே வந்தாவ? நான் உள்ளதத்தான் சொன்னேன். அஞ்சு இருக்கும், அஞ்சரையும் இருக்கலாம், தெரியல்லன்னு. நீ இங்கிலீஷ்ல ஒரு வார்த்த சொன்னியாம், உனக்க அம்மை சொன்னா. அத எனக்கும் சொல்லித் தா. நாளைக்குப் போய்ச் சொல்லுதேன்."

அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் கேட்டது ஒரு சொல். நான் கொடுத்தால் நாளைக்கே போய் அதைச் சொல்வாள். அன்று தெரியாது என்றவளுக்கு இப்போது எப்படித் தெரிந்தது என்று அதிகாரி கேட்பார். மணியடிக்கிறவரைக் கூப்பிடுவார். பிறகு என்னை. பிறகு அண்ணனை. வீட்டுக்குள் தையல் மிஷின் சத்தம் நின்றுவிட்டது. அண்ணனும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனும் வெளியே வரவில்லை.

"வார்த்தையும் ஒண்ணும் இல்ல அக்கா. வெறும் அஞ்சு மணின்னுதான் சொன்னேன்."

அவள் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ நான்தான் தப்பாச் சொல்லிப்போட்டேனா மக்கா?"

"ஆமா அக்கா" என்றேன்.

அக்காவின் புருஷன் திரும்பி வர எட்டு மாசம் ஆனது. அந்த எட்டு மாசமும் அவள் தன்னையேதான் நொந்துகொண்டாள்.