அந்த அக்கா மேல் விழுந்த பழி

நான் போர்வெல் வண்டியில் வேலை பார்க்கிறேன். சாத்தூர் பக்கம், கணவனை இழந்த ஓர் அக்காவின் நிலத்தில் குழி போட்டபோது களிப்பாறை வந்தது. வெறும் தண்ணீர் பட்டால் அது ஊதிக் குழியை அடைத்துவிடும். பொட்டாஷ் உரம் கலந்த தண்ணீர் விட்டால் அவ்வளவாக ஊதாது.

"பொட்டாஷ் கலப்போம்ணே" என்றேன் மெதுவாக.

"ஏலே, உரக்கடை வச்சிருக்கியா? தண்ணியத் தொறலே" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள். திறந்துவிட்டேன்.

களி ஊதித் துளை போடும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. குழியே வீண்.

மேஸ்திரி கூசாமல் சொன்னார்: "உங்க ராசி அம்புட்டுதான்க்கா."

உடனே அக்காவின் கொழுந்தன், "இவுக கால் வச்ச எடம் வெளங்காதுன்னு அன்னைக்கே சொன்னேன்" என்றான்.

அக்கா தலைகுனிந்து நின்றார். உண்மை தெரிந்த நான் வாயே திறக்கவில்லை.

மறுவாரம் தனியாகப் போய், "தப்பு எங்க மேலதான்க்கா" என்றேன்.

"இத அவுக முன்னாடி சொல்லியிருக்கலாம்ல தம்பி?"

எனக்குக் கூச்ச சுபாவம் என்பார்கள். இப்போது அதைக் கேட்டாலே ஆத்திரம் வருகிறது. ஒருத்தியைப் பழியோடு நிற்கவிட்டு வந்ததற்குக் கூச்சம் என்றா பெயர்?