ஒயர் அத்தை ஊதச் சொல்லும் மூன்று நிமிடம்

மூக்குத் தண்டின் பள்ளத்தில் அளவு நாடாவின் ஒரு முனையை வைத்து, உச்சந்தலை வழியாக இழுத்து, பின்மண்டையில் மேடு தட்டும் இடத்தில் நிறுத்துகிறார். சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி. பிறகு காதுக்குக் காது இன்னொரு அளவு, இன்னொரு புள்ளி. நாற்காலியில் இருக்கும் நாலு வயதுப் பையன், அழலாமா வேண்டாமா என்று உதட்டைப் பிதுக்கி யோசித்துக்கொண்டிருக்கிறான்.

"என்னடா இது, தலையா பூசணிக்காயா? எவ்ளோ பெரிய மூளை வச்சிருக்க! என் நாடாவே பத்தலையே!"

பையன் அழுகையைத் தள்ளிப்போட்டுவிட்டுத் தன் தலையைத் தானே தொட்டுப் பார்த்துக்கொள்கிறான். அதற்குள் முதல் ஒயர் ஒட்டியாகிவிட்டது. இன்னும் இருபது.

குழந்தைகள் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், நடையின் கோடியில் இருக்கிறது அவருடைய அறை. மூளையில் ஓடும் மின் அலைகளைக் கோடுகளாகப் பதிவு செய்வது வேலை. கழுத்தில் தொங்கும் அட்டையில் நீளமாக ஒரு பதவிப் பெயர் இருக்கிறது. அதை யாரும் படித்ததில்லை. எந்தக் குழந்தையோ ஒரு நாள் 'ஒயர் அத்தை' என்று கூப்பிட, அது தாய்மாருக்குப் பரவி, நர்சுகளுக்குப் பரவி, இன்று பெரிய டாக்டரே போனில் "ஒயர் அத்தை இருக்காங்களா?" என்றுதான் கேட்கிறார்.

ஐம்பது தாண்டியவர். குள்ளம். உயரமான குழந்தை வந்தால் எட்டாது. "கொஞ்சம் சுருங்கு ராஜா" என்பார். வலது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஒயர் ஒட்டும் பசை காய்ந்து எப்போதும் வெள்ளையாக இருக்கும். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் காகிதச் சுருளும் மைப் பேனாக்களும் உள்ள இயந்திரம்தான். குழந்தை ஓர் உதை விட்டால் மை தெறித்து உடுப்பெல்லாம் நீலப் புள்ளி. இப்போது திரையும் விசைப்பலகையும் வந்துவிட்டன. "மை போச்சு, உதை மட்டும் அப்படியே இருக்கு" என்று முழங்காலைத் தடவிக்கொள்வார்.

இருபத்திரண்டு வருடமாகத் தலைகளையே பார்த்துப் பார்த்து, ஆளைப் பார்ப்பது அவருக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது. பேருந்தில் முன் இருக்கையில் மொட்டைத் தலை ஒன்று தெரிந்தால் சொந்தக்காரரைக் கண்டதுபோல் முகம் மலரும். அடர்ந்த சுருட்டை முடியைப் பார்த்தால் பெருமூச்சு. அவர் கணவருக்கு நாற்பதிலேயே தலை வெளிச்சமாகிவிட்டது. அதைப் பற்றி அவர் வருத்தப்படும்போதெல்லாம், "உங்களுக்கு மட்டும் ஒட்டணும்னா அஞ்சே நிமிஷத்துல முடிச்சிடுவேன்" என்று அத்தை ஆறுதல் சொல்வார். அது ஆறுதல் என்று கணவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பரிசோதனைக்கு வரும் குழந்தையை முந்தின இரவு அதிகம் தூங்கவிடக் கூடாது என்பது விதி. அறைக்கு வந்தபின் தூங்கினால்தான் தூக்கத்தின் அலைகளும் பதிவாகும். ஆனால் நடப்பது வேறு. குழந்தை துள்ளிக்கொண்டிருக்கும், கண்விழித்துக் கதை சொன்ன அப்பா சுவரில் சாய்ந்து குறட்டை விடுவார். அதையும் அத்தை விடமாட்டார். அலைகளுக்குக் கீழே நேரத்தோடு குறிப்பு எழுதுவார்: 'விக்கல்.' 'பென்சில் விழுந்தது, திடுக்கிட்டான்.' 'அம்மா முத்தம் கொடுத்தார்.' 'அப்பா குறட்டை.' எந்தக் கோடு மூளையிலிருந்து வந்தது, எது வெளியிலிருந்து வந்தது என்று டாக்டருக்குத் தெரிய வேண்டுமே.

கறாரான ஒரு கொள்கை அவருக்கு உண்டு. "என்ன தெரியுது, சொல்லுங்களேன்" என்று எந்தத் தாய் கெஞ்சினாலும் ஒரே பதில்தான். "நான் எடுக்கறவ கண்ணு, சொல்றவ இல்ல. டாக்டர் சொல்லுவாங்க." திரையில் என்ன ஓடினாலும் முகம் கல் மாதிரி இருக்கும். அந்தக் கல்லில் ஒரே ஒருமுறை கீறல் விழுந்தது.

அன்று எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று அப்பாவோடு வந்தது. அப்பா ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். காற்புள்ளி இடம் மாறினாலும் கண்ணில் முள் குத்தியதுபோல் துடிக்கும் மனிதர். உட்கார்ந்ததும் பையிலிருந்து மகளின் எழுத்து நோட்டை எடுத்து விரித்தார்.

"பாருங்க மேடம். டீச்சர் சொல்லச் சொல்ல எழுதறது. ஒரு வரியில பாதியைக் காணோம், அடுத்த வரியில நடுவுல நாலு வார்த்தையைக் காணோம். எழுத்து முத்து மாதிரி இருக்கு, அறிவும் இருக்கு. கவனம்தான் கிடையாது. கிளாஸ்ல தூங்குமூஞ்சின்னு பேரு வச்சிருக்காங்க. திமிருதான். டீச்சர் ஒருதடவ டாக்டர்ட்ட காட்டச் சொன்னதால வந்தேன். வேற ஒரு இடத்துல இந்த டெஸ்ட்டை எடுத்தோம், காத்தாடியை ஊதச் சொன்னா இவ அழுது ஊதவே இல்ல. ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

பக்கம் முழுக்க அவருடைய சிவப்புத் திருத்தங்கள். விட்டுப்போன ஒவ்வொரு சொல்லும் மேலே எழுதிச் சேர்க்கப்பட்டிருந்தது. அத்தையோ சிவப்பைப் பார்க்கவில்லை. சொல் அறுந்த இடத்தில், கடைசி எழுத்திலிருந்து மெல்லிய கோடு ஒன்று வழுக்கிக் கீழே இறங்கியிருந்தது. இன்னொரு வரியிலும் அதே கோடு. மூன்று பக்கம் புரட்டினார். நோட்டை மூடிவைத்தார்.

பெண்ணின் தலையில் ஒயர்கள் ஏறின. "அத்தை, கரன்ட் அடிக்குமா?"

"நான் எங்க உனக்கு கரன்ட் குடுக்கறேன்? உங்கிட்ட இருக்கறதைத்தான் எட்டிப் பாக்கப் போறேன்."

காகிதக் காற்றாடி ஒன்று கையில் கொடுக்கப்பட்டது. மூன்று நிமிடம் விடாமல், ஆழமாக மூச்சிழுத்து ஊத வேண்டும். அப்படி ஊதும்போதுதான் சில குழந்தைகளின் மூளையில் ஒளிந்திருப்பது வெளியே வரும். குழந்தைகள் ஒரு நிமிடத்திலேயே சலித்துவிடுவார்கள். அத்தை தானும் கூடவே ஊதுவார், கன்னம் உப்பி, கண் பிதுங்கி. சிரிப்புக்காகவே குழந்தைகள் தொடர்வார்கள். "ஊது, ஊது, நிக்கக் கூடாது, நின்னா எனக்கு சம்பளம் கிடையாது!"

ஒரு நிமிடம் சுழன்றது. ஒன்றரை நிமிடம். திடீரென்று காற்றாடி தளர்ந்து நின்றது. பெண்ணின் கண் திறந்தபடியே இருந்தது. இமை மட்டும் லேசாகத் துடித்தது.

"ஏய், ஊது! பாத்தீங்களா மேடம், இதேதான்! உன்னைத்தான்டி, காது கேக்கலையா?" அப்பா எழுந்தேவிட்டார்.

அத்தை ஒரு கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். மறுகை திரையைக் காட்டியது. அதுவரை ஆளுக்கொரு பக்கம் நெளிந்துகொண்டிருந்த கோடுகள் அத்தனையும், யாரோ கட்டளையிட்டதுபோல் ஒரே தாளத்தில் கூர்கூராக எகிறிக் குதித்தன. அத்தை குனிந்து, பெண்ணின் காதருகே தெளிவாகச் சொன்னார்: "நீல யானை."

ஒன்பது விநாடி. கோடுகள் சட்டென்று அடங்கின. காற்றாடி விட்ட இடத்திலிருந்து மறுபடி சுழலத் தொடங்கியது.

"கண்ணு, இப்ப அத்தை ஒண்ணு சொன்னேனே, என்னது?"

"ஒண்ணும் சொல்லலையே!"

"நான் கூப்பிட்டேனே, அது?" என்றார் அப்பா.

"நீங்க எப்பப்பா கூப்பிட்டீங்க?"

குழந்தை பொய் சொல்லவில்லை என்பது அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. பிழை திருத்துபவர் மெல்ல உட்கார்ந்தார். மடியிலிருந்த நோட்டைத் திறந்தார், மூடினார். "போன வாரம்கூட... அரை மணி நேரம் கதவுக்கு வெளியே நிக்க வச்சேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு கேட்டார்: "மேடம், இது என்னங்க?"

இருபத்திரண்டு வருடப் பதில் அத்தையின் நாக்கு நுனிவரை வந்தது. முழுசாக வெளியே வரவில்லை. "அதை டாக்டர்தான் சார் சொல்லணும். ஆனா, பாப்பாவை இனிமே திட்டாதீங்க." அவ்வளவுதான் சொன்னார். வழக்கமாகப் பதிவு மறுநாள் காலைதான் டாக்டர் மேசைக்குப் போகும். அன்று அத்தையே நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டு, இரண்டு மாடி இறங்கிப் போய் டாக்டரம்மாவின் கதவைத் தட்டினார்.

டாக்டரம்மா அப்பாவையும் பெண்ணையும் வரவழைத்துப் பொறுமையாகச் சொன்னார். இதுவும் ஒருவகை வலிப்புதான்.

அப்பா திடுக்கிட்டார். "வலிப்பா? கையும் காலும் வெட்டி இழுக்குமே, அதுவா?"

"இது இழுக்காது. சில விநாடி விளக்கு அணைஞ்சு எரியற மாதிரி. அந்த நேரத்துல பாக்கறதும் இல்ல, கேக்கறதும் இல்ல. ஒரு நாளைக்குப் பல தடவ வரும். இவளுக்கே தெரியாது. மருந்து இருக்கு, நல்லாக் கேக்கும். நிறையப் பேருக்கு வளர வளர நின்னே போயிடும்."

"தெரியாம நான்..."

"இப்ப தெரிஞ்சிடுச்சில்ல? அதைப் பிடிச்சுக்குங்க."

காலையும் மாலையும் மருந்து. முதல் சில வாரம் பெண்ணுக்குத் தூக்கம் சொக்கியது. டாக்டரம்மா அளவை மாற்றினார். கொஞ்ச காலத்துக்குச் சைக்கிள் வேண்டாம், தனியாக நீச்சல் வேண்டாம் என்றார். அப்பா பள்ளிக்கூடத்துக்கே போய் டீச்சரிடம் எடுத்துச் சொன்னார். தூங்குமூஞ்சி என்ற பேர் நிற்கச் சில நாள் ஆயிற்று, நின்றது.

நாலு மாதம் கழித்து மறுபடி வந்தார்கள். அதே காற்றாடி. பெண் இந்தமுறை கங்கணம் கட்டிக்கொண்டு வந்தவள்போல் ஊதினாள். இரண்டாவது நிமிடத்தில் அத்தை "பச்சை முதலை" என்றார். ஊதுவதை நிறுத்தாமலே பெண் முறைத்தாள். மூன்று நிமிடம் முடிந்ததும் கேட்கும் முன்பே கொட்டினாள்: "பச்சை முதலைன்னீங்க. அப்பா ரெண்டு தடவ இருமினாரு. வெளிய யாரோ பக்கெட்டைப் போட்டாங்க."

"அடி கள்ளி, எனக்கே பக்கெட்டு கேக்கலையே!"

அத்தை குறிப்பெழுதினார்: 'மூன்று நிமிடம் ஊதினாள். ஒன்றுமில்லை.' அந்தக் கடைசிச் சொல்லை எழுதும்போது மட்டும் அவர் விசைகளைக் கொஞ்சம் அழுத்தித் தட்டுவதாக நர்சுகள் கேலி செய்வார்கள்.

ஒயர்களைக் கழற்றியபின் பசை முடியெல்லாம் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. அத்தை வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்தார். அப்பா கையை நீட்டினார். "நான் தொடைச்சு விடறேன் மேடம்."

துண்டை வாங்கிக்கொண்டு, நாற்காலிக்குப் பின்னால் தரையில் முழங்காலிட்டு, ஒவ்வொரு இழையாகப் பிரித்து அவர் துடைக்க ஆரம்பித்தார். அவசரமே இல்லை. பெண் கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொடுத்திருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு அடுத்த தாய் எட்டிப் பார்த்தார், தோளில் குழந்தை. அத்தை உதட்டின்மேல் விரலை வைத்தார். தாயோடு தானும் நடைக்கு வந்து, கைப்பிடியைத் திருகியபடியே, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.