படத்தில் இல்லாத வலி

எனக்கு முப்பத்தாறு வயது நடந்தபோது தூத்துக்குடியில் மூட்டுத் தேய்மானம் பற்றிய ஓர் ஆய்வில் மூன்று வருட வேலை கிடைத்தது. அதுவரை ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். முழங்கால் வலி என்று வருகிறவர்களைப் படுக்கவைத்து, தொடையை இறுக்கச் சொல்லி, பத்து எண்ணச் சொல்லி, தளர்த்தச் சொல்ல வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம்வரை இதுதான். இந்த முழங்கால் ஏன் தேய்ந்தது, பக்கத்து வீட்டுக்காரியின் முழங்கால் ஏன் தேயவில்லை என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்தக் கேள்வி வீட்டிலேயே இருந்தது. அம்மா எழுபது வயதிலும் கோவிலில் செபமாலை முடியும்வரை வெறும் தரையில் முழந்தாளிட்டிருப்பாள். முடிந்ததும் விறுவிறுவென்று எழுந்து மீன் வாங்கப் போவாள். அவளுடைய தங்கை பள்ளிக்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்தியவள். அவள் இரண்டு முழங்காலையும் மாற்றிக்கொண்டுவிட்டாள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்.

ஆய்வை நடத்திய எலும்பு மருத்துவர் நிதானமானவர். உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களை மூன்று வருடம் தொடர்ந்து பார்ப்பது அவருடைய திட்டம். தலைச்சுமை, வெறுங்கால், குந்தி உட்காருவது, வழுக்குகிற வரப்பில் நடப்பது, இவற்றில் எது மூட்டைக் கெடுக்கிறது, கெட்ட மூட்டு ஒரு பெண்ணின் வாழ்க்கையை என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. வைத்தியம் அதில் கிடையாது. நான் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்.

"நாம பாக்கத்தான் போறோம். எதையும் மாத்தப் போறதில்ல. அதுல உங்களுக்குக் குழப்பம் வரக் கூடாது."

சரி என்றேன். அப்போது அது எனக்குக் கஷ்டமான காரியமாகத் தோன்றவில்லை.

ஊருக்கு வெளியே ஓர் அளத்தில், உப்பு மூட்டைகள் அடுக்கும் தகரக் கொட்டகையில் எனக்கு இடம் கொடுத்தார்கள். ஒரு நாற்காலி, ஒரு எடை மெஷின், அளக்கும் டேப், முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று பார்க்கும் கோணமானி. பாத்தியிலிருந்து ஏறி ஒவ்வொருவராக வருவார்கள். கணுக்கால்வரை வெள்ளை பூத்திருக்கும். கையை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொல்வேன். அரை நிமிடத்தில் எத்தனை தடவை என்று எண்ணிக்கொள்வேன். பிறகு கேள்விகள். வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டால் பெரும்பாலும் சிரிப்பார்கள்.

அப்படிக் கேட்டபோது சிரிக்காத ஒருத்தி இருந்தாள். ஐம்பதை நெருங்கியவள், ஒடிசலான உடம்பு. "பத்துக்கு மேல போட முடியுமா?" என்று உண்மையாகவே கேட்டாள். வலது முழங்கால். பஸ்ஸிலிருந்து முன்பக்கமாக இறங்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்குவாளாம். அவள் படும் பாட்டைப் பார்த்து, அளத்துக் கங்காணி முந்தைய வருடமே அவளைத் தலைச்சுமையிலிருந்து விடுவித்துச் சாக்குத் தைக்க உட்காரவைத்திருந்தார். கொட்டகையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, நிரம்பிய மூட்டைகளின் வாயைக் கோணி ஊசியால் தைப்பாள். அந்த ஒரு ஸ்டூல்தான் அந்த அளத்திலேயே உட்கார்ந்து செய்யும் வேலை.

அவளுக்கு அடுத்து வந்தவள் அறுபதைத் தொட்டவள், கனத்த உடம்பு. சுமை தூக்குகிறவள். கால்கள் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. வலி எவ்வளவு என்றேன். "நடந்தா கொஞ்சம் கடகடங்கும். மத்தபடி ஒண்ணும் செய்யல" என்றாள்.

எல்லோரையும் வேனில் ஏற்றிக்கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தோம். பெயர் தெரியாதபடி எண் மட்டும் போட்டு இரண்டு டாக்டர்கள் படங்களைப் பார்த்துத் தேய்மானத்தைப் பூஜ்யத்திலிருந்து நான்குவரை மதிப்பிட்டார்கள். எண்களைப் பெயர்களோடு சேர்த்தது நான். ஒடிசலானவளுக்கு ஒன்று என்று வந்திருந்தது. கடகடங்குகிறவளுக்கு நான்கு, எலும்பும் எலும்பும் உரசுகிற நிலை. இடம் மாறிவிட்டது என்றே நினைத்தேன். பதிவேட்டை இரண்டு தடவை சரிபார்த்தேன். மாறவில்லை.

டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"இந்த வியாதியே இப்படித்தான். குருத்தெலும்புல நரம்பு கிடையாது. அது தேஞ்சா அதுவா வலிக்காது. வலி எலும்புலேருந்து வரலாம், மூட்டைச் சுத்தியிருக்கிற சவ்வுலேருந்து வரலாம், பல வருஷம் வலிச்சு வலிச்சு நரம்பே அப்படிப் பழகியிருக்கலாம். படத்துல தெரியறது எலும்பு மட்டும்தான்."

"அப்போ அந்தம்மாவுக்கு நிஜமாவே வலிக்குதா சார்?"

"நிஜமாத்தான் வலிக்குது. ஏன்னுதான் நமக்குத் தெரியல."

அடுத்து நடந்தது என்னால் வந்தது. பெண்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் படத்தில் என்ன வந்திருக்கிறது என்று கேட்டார்கள். படம் எடுத்தவர்கள் சொல்ல வேண்டாமா என்று எனக்கும் தோன்றியது. ஆளுக்கொரு தாளில் முடிவைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம் என்றேன். டாக்டர் யோசித்தார். "ஒரு நம்பரை வெச்சுக்கிட்டு அவங்க என்ன பண்ணுவாங்க?" என்றார். அது அவர்களுடைய உடம்பு, தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது என்று நான் வாதாடினேன். கடைசியில் சம்மதித்தார். தாளை நானே தயாரித்தேன். பேர், வயது, அதற்குக் கீழே பெரிய எழுத்தில், மூட்டுத் தேய்மானம் நான்கில் இத்தனை. யாருக்கும் புரிகிற மாதிரி இருக்க வேண்டும் என்று வேறு எதையும் அதில் சேர்க்கவில்லை. எனக்கு அந்தத் தாளைப் பற்றிப் பெருமைகூட இருந்தது.

அடுத்த வாரம் அளத்துப் பஸ் நிறுத்தத்தில் ஒரு மனிதர் எனக்காகக் காத்திருந்தார். அந்த ஒடிசலான பெண்ணின் கணவர். துறைமுகத்துக் கிட்டங்கியில் மூட்டை தூக்கி, முதுகு போய், வீட்டோடு இருப்பவர். கையில் ஒரு மக்ரூன் பொட்டலம்.

"பேப்பரப் பாத்தேன் டாக்டரம்மா. அவளுக்கு ஒண்ணும் இல்லன்னு வந்திருக்கு. ரெண்டு வருசமா எனக்குச் சரியா உறக்கம் கெடையாது. இதப் புடிங்க."

"ஒண்ணுமே இல்லன்னு அர்த்தமில்ல அண்ணாச்சி. தேய்மானம் கம்மியா இருக்கு, அவ்வளவுதான். வலி வேற."

"கம்மின்னா கம்மிதான?" என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். வீட்டில் எல்லோருமாகச் சாப்பிட்டோம்.

அதற்கும் இரண்டு வாரம் கழித்துப் போனபோது, ஸ்டூலில் கனத்த உடம்புக்காரி உட்கார்ந்து சாக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். தையல் நேராக வரவில்லை. நான் வெளியே வந்து பார்த்தேன். வரப்பில் உப்புச் சுமையோடு போகிற வரிசையின் கடைசியில், வலது காலை மடக்காமல் விறைப்பாக வீசி வைத்து அந்த ஒடிசலானவள் வந்துகொண்டிருந்தாள். அம்பாரத்தில் கொட்டிவிட்டுத் திரும்பியதும் கூப்பிட்டேன்.

"என்னக்கா இது?"

"எனக்கு ஒண்ணுதானாம்லா. அவளுக்கு நாலாம். நாலுதான உக்காரணும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

"நீங்க கங்காணிகிட்டச் சொல்லலியா?"

"என்னத்தச் சொல்ல? எங்க வீட்டுக்காரவியளே போய்ச் சந்தோசமா அவர்ட்டச் சொல்லிட்டு வந்துட்டாவ."

கங்காணியிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. எல்லோருடைய தாள்களையும் கேட்டு வாங்கி எடுத்த ஜெராக்ஸைப் பையில் வைத்திருந்தார்.

"நாப்பது பொம்பளைய இருக்காவ. அத்தன பேரும் வலிக்குன்னுதான் சொல்லுதாவ. ஒருத்திய உக்கார வச்சா இன்னொருத்தி மொகத்தத் தூக்குதா. இப்பதான் ஒரு கணக்கு கெடச்சிருக்கு. பேப்பரப் பாத்து நாயமாப் பண்ணியிருக்கேன்."

"அந்தப் பேப்பர் வலியச் சொல்லாது அண்ணாச்சி."

"வலியச் சொல்லாதுன்னா படம் எதுக்கு எடுத்திய?"

நான் டாக்டரிடம் ஓடினேன். நடந்ததை முழுவதும் கேட்டார். நான் சொன்னேன் அல்லவா என்று அவர் சொல்லவில்லை. எக்ஸ்ரேயில் தேய்மானம் குறைவாக இருந்தாலும் வலி கடுமையாக இருக்கலாம், இவருக்குச் சுமை தூக்கும் வேலை கூடாது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். கங்காணி அதை இரண்டு தடவை படித்தார்.

"இதே மாதிரி லெட்டரு நாப்பது பேருக்கும் தருவியளா?"

தரமுடியும்தான். நாற்பது பேருக்கும் அது உண்மைதான். ஆனால் ஸ்டூல் ஒன்றுதான். கங்காணி கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பருவம் முழுக்க, மழை வந்து பாத்திகள் முங்கும்வரை, அவள் சுமந்தாள்.

அடுத்த வருடம் இரண்டாவது படம் எடுத்தோம். அவளுடைய எண்ணுக்கு நேரே மூன்று என்றிருந்தது. இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் படத்தில் எலும்புகளுக்கு நடுவே இருந்த இடைவெளி இரண்டாவதில் உள்பக்கமாக ஒட்டிப்போயிருந்தது.

"அந்தச் சுமைதான் சார் காரணம்" என்றேன். "நான் கொடுத்த பேப்பர்தான்."

"அப்படிச் சொல்ல முடியாது. சுமக்காத ஒருத்தருக்கும் ஒரே வருஷத்துல இப்படி ஆகும். ஒரு ஆள வெச்சு காரணம் சொல்ல முடியாது. அதுக்குத்தான் இத்தனை பேரப் பாக்கிறோம்."

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். ஆனால் அதைவிட மோசமான ஒன்றைக் கேட்டதாக நினைவில்லை. நான் செய்தேனா இல்லையா என்பது எனக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. நாற்பது பேரின் முழங்கால்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒருவேளை ஏதாவது தெரியலாம். அவளுடைய ஒரு முழங்காலைப் பற்றி எந்த ஆய்வும் எதுவும் சொல்லாது.

முடிவை அவளிடம் சொன்னேன். "மூணா?" என்றாள். முதல் தடவையாக அவள் முகம் தெளிந்தது. "அப்ப இனிமே வலிக்குன்னு ஒத்துக்கிடுவாவல்லா?"

இருவருமாகக் கங்காணியிடம் போனோம். தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கொட்டகையைக் கையால் காட்டினார். ஸ்டூல் அங்கே இல்லை. மூட்டை தைக்கிற மெஷின் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஓர் ஆள் நின்றபடியே அதை இயக்கிக்கொண்டிருந்தான். கனத்த உடம்புக்காரி திரும்பவும் சுமைக்குப் போயிருந்தாள்.

அறுவை சிகிச்சை செய்யலாமா என்று கேட்க நானே அவளை அழைத்துப் போனேன். அது ஆய்வில் சேர்ந்தது இல்லை. டாக்டருக்குச் சொல்லவில்லை. பார்த்த சர்ஜன் செய்யலாம் என்றார், காப்பீட்டில் முடியும் என்றும் சொன்னார். செய்துகொண்ட பிறகு சுமை தூக்கக் கூடாது, குந்தக் கூடாது, வரப்பில் நடக்கக் கூடாது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "வலி போயிரும், வேலையும் போயிரும்" என்றாள். பஸ் வந்தது. முதல் படியில் காலை வைக்க முடியாமல், இரண்டு கையாலும் தொடையைத் தூக்கி வைத்து ஏறினாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

மூன்றாம் வருடம் அவள் அளத்தில் இல்லை. வேலை போயிருந்தது, வலி போகவில்லை. கடைசி அளவை எடுக்க வீட்டைத் தேடிப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்திருக்கச் சொன்னேன். முன்னால் சாய்ந்து பார்த்தாள். மறுபடி சாய்ந்தாள். அரை நிமிடம் முடிந்தது.

"ஒண்ணுங்கூட இல்ல. எழுதிக்கிடுங்க" என்றாள்.

பூஜ்யம் என்று எழுதினேன். பிறகு கேள்விகள். முழங்காலால் ஏதாவது விசேஷத்துக்குப் போகாமல் இருந்தீர்களா என்று ஒரு கேள்வி. தங்கை மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டதாக அவளாகச் சொன்னாள். குந்தி எழுந்திருக்க முடியாததால், போகவேண்டிய தேவை வராமல் பார்த்துக்கொள்கிறாளாம். படிவத்தில் அதற்கு இடம் இல்லை. ஓரத்தில் எழுதினேன்.

ஆய்வில் இதுவரை தெரிந்ததைப் பெண்களுக்குச் சொல்லிவிட்டு வரும்படி டாக்டர் சொல்லியிருந்தார். சொன்னேன். "சுமை தூக்குறவங்களுக்கு வலி கூடுதலா இருக்குன்னு தெரிஞ்சிருக்குக்கா. தேய்மானத்துக்கு அதுதான் காரணமான்னு உறுதியாச் சொல்ல இன்னும் பல வருஷம் பாக்கணுமாம்."

அவள் தலையாட்டினாள். "சுமந்தா வலிக்கும்" என்றாள், நான் சொன்னதை எனக்கே எளிதாக்கிச் சொல்வதுபோல. பிறகு, "இனி நீங்க வராதிய" என்றாள்.

"என் மேல வருத்தமாக்கா?"

"அதெல்லாம் இல்ல. நீங்க வந்துட்டுப் போனா எங்க வீட்டுக்காரவிய ஒரு வாரத்துக்கு, இந்தா மருந்து கண்டுபிடிச்சிருவாவன்னு பேசிக்கிட்டே இருக்காவ. என்னால கேக்க முடியல."

ஆய்விலிருந்து விலகும் படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். மெதுவாகக் கையெழுத்துப் போட்டாள். காரணம் என்ற இடத்தில் எதுவும் எழுதாமல் பையில் வைத்தேன்.

கணவர் முதுகைப் பிடித்துக்கொண்டு சந்து முனைவரை கூடவே வந்தார். உள்ளே பேசியது அவருக்குக் கேட்டிருக்காது. நான் வண்டியை எடுத்ததும் கைப்பிடியில் கையை வைத்தார்.

"அடுத்த தடவ வரும்போது மருந்து ஏதும் கெடைக்குமா டாக்டரம்மா?"

"பாப்போம் அண்ணாச்சி" என்றேன்.

அவர் திருப்தியாகக் கையை எடுத்துக்கொண்டார்.