கை காலியில்லாதவர்

"டார்ன்லி பக்கரின். துப்பாக்கி வீரர். கட்டளைக்கு உடனே கீழ்ப்படிபவர். உடற்குறை எதுவும் இல்லை." முதல் உலகப் போர் முடிந்து பார்படோஸ் திரும்பியபோது ராணுவம் அவரைப் பற்றி எழுதிக் கொடுத்தது இது. இரண்டாம் போருக்குப் பிறகும் இதையேதான் எழுதிக் கொடுத்தது. நடுவில் கால் நூற்றாண்டு ஓடியிருந்தது. ஆனால் நல்ல வாக்கியம் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் ராணுவம் அதை லேசில் விடாது.

அந்தத் துப்பாக்கி வீரர் இப்போது யூனாவின் ரம் கடை வாசலில் நிற்கிறார். முழங்கைகள் மடிந்து வயிற்றோடு ஒட்டியிருக்கின்றன. உள்ளங்கைகள் மேல்நோக்கியிருக்கின்றன. பிறந்த குழந்தையை வாங்கிக்கொண்டு யாரிடம் திருப்பிக் கொடுப்பதென்று தெரியாதவர் மாதிரி நிற்பார் எப்போதும். கைகளில் ஒன்றும் இருக்காது.

"அந்த பெஞ்சைக் கொஞ்சம் உள்ள தள்ளேன், சோல்ஜர்" என்கிறாள் யூனா.

"கை காலியில்ல."

"அடேயப்பா! அப்படி என்னத்தைத்தான் சுமக்கிறியோ!"

கடை சிரிக்கிறது. தினமும் சிரிக்கிற சிரிப்புதான். அவர் மட்டும் சிரிப்பதில்லை.

யார் சொல்லியும் அவர் எதையும் செய்ததாக ஊரில் சாட்சி கிடையாது. பாதிரியார் மண்டியிடச் சொன்னால் நிற்பார். டாக்டர் படுக்கச் சொன்னால் நின்றபடியே சட்டையைத் தூக்கிக் காட்டுவார். தூக்கமும் நாற்காலியில்தான். "சண்டை போட்டுக்கிட்டுத் தனித்தனியாப் படுக்கிறவங்களப் பார்த்திருப்பீங்க. நாங்க சண்டையே போடாம இப்படி" என்பாள் மனைவி அயாந்தி.

ராணுவம் அவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது புகைப்படத்துக்கு நின்றபோது மட்டும். ஃபிளாண்டர்ஸ் போர்முனையில் அவர் செய்த வேலை பீரங்கிக் குண்டு சுமப்பது. சேற்றுக்கு மேல் போட்ட பலகைப் பாதையில், குண்டை இரு கைகளிலும் ஏந்தி, கிடங்கிலிருந்து பீரங்கி வரை நடக்க வேண்டும். வழியில் எதற்காகவும் சுமையைக் கீழே வைக்கக் கூடாது என்பது கட்டளை. ஒரு மாலை அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தவர் ஹாலம் கிட்டன்ஸ், ஊரில் அதே தெருக்காரர். எதிரிக் குண்டின் ஊளை கேட்டதும் ஹாலம் குப்புற விழுந்தார். விழுந்த இடம் பலகை இல்லை, சேறு. சுமையோடு சேர்ந்து உள்ளே இறங்கினார். பின்னால் வந்த டார்ன்லி குண்டைக் கீழே வைக்காமல் ஏந்திக்கொண்டு நின்றார். கட்டளைக்குக் கீழ்ப்படிபவர் என்ற ராணுவத்தின் வாக்கியம் அந்த ஒரு மாலைக்கு மட்டும் உண்மை.

இரண்டாம் போர் வந்தபோது தலையில் சட்டிக்கரியைப் பூசி வயதை மறைத்துக்கொண்டு சேர்ந்தார். உள்ளூரிலேயே, கடற்கரைப் பீரங்கி மேட்டுக்குக் குண்டு சுமக்கும் வேலை. அவர் இருந்தவரை அந்தப் பீரங்கி ஒரு தடவைகூடச் சுடவில்லை. மேலே சுமந்ததையெல்லாம் போர் முடிந்ததும் கீழே சுமந்தார்.

நாற்காலியில் மதியம் கண்ணயரும்போது உதடு அசையும். "கை காலியில்ல, ஹாலம்... கை காலியில்ல." அயாந்தி விசிறிக்கொண்டே கேட்டிருப்பாள். ரம் கடையில் அவள் இதைச் சொன்னதில்லை.

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு சங்கத்தில் உறுப்பினர். அந்தச் சங்கம் 'வெள்ளி நங்கூரம்' என்ற தரைக்கப்பல். அது மிதக்காது, ஈரப்பலா மரத்தடியில் பலகைக் கொட்டகை ஒன்று அதன் துறைமுகம். ஊரார் கடற்படைச் சீருடை மாட்டிக்கொண்டு, மேளத்துக்கு அலைபோல் அசைந்து அணிவகுப்பார்கள். உறுப்பினர் இறந்தால் கப்பலே திரண்டு, மேளம் முழங்கக் கல்லறைவரை கொண்டுபோய் விடும். அதன் தலைவர் அட்மிரல் லாஷ்லி, செருப்புத் தைப்பவர். கடலில் கணுக்காலுக்கு மேல் நனையாதவர். அட்லாண்டிக்கைக் கடந்து போய்த் திரும்பிய டார்ன்லிக்கு அதில் கரி அள்ளும் கடைசிப் பதவி. கப்பலில் கரி கிடையாது என்பதால் அந்த வேலையை மட்டும் அவர் மறுத்ததில்லை.

"ஹாலமுக்கு யாரும் மேளம் அடிக்கல. எனக்கு அடிக்கணும்" என்பார். வேறு ஆசை எதையும் அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை.

தொல்லை 'மூழ்கும் கப்பல்' ஆட்டத்தில் வந்தது. பெரிய மேளம் அதிர அதிர எல்லாரும் தரையில் விழ வேண்டும். கடைசி ஆள் விழும்வரை மேளம் நிற்கக் கூடாது. இத்தனை வருஷமும் மேளக்காரர் டார்ன்லியைப் பார்க்காத மாதிரி நிறுத்திவிடுவார். இந்த வருஷம் மாவட்டத் திருவிழாவுக்கு, துறைமுகத்துக்கு வந்திருந்த போர்க்கப்பலின் தளபதியை அழைத்திருந்தார்கள். லாஷ்லிக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

"நிஜக் கடற்படைக்காரர் வர்றார், டார்ன்லி. கப்பல் மூழ்கினா நீயும் மூழ்கணும்."

"முடியாது."

"எல்லாரும் செத்துக் கிடக்கறப்ப ஒருத்தன் மட்டும் நட்டமா நின்னா அது என்ன கப்பல்யா? நீ என்ன கொடிமரமா?"

"கொடிமரம்னே வச்சுக்க."

"வச்சுக்க மாட்டேன். சீருடையக் கழட்டி வாங்கிக்குவேன். நீ போற அன்னிக்கு என் மேளம் உன் வாசலுக்கு வராது."

ரம் கடை அன்று சிரிக்கவில்லை.

வீட்டில் சோளக்களியும் பறக்கும் மீனும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. "படுத்துத்தான் தொலையேன்" என்றாள் அயாந்தி. "புல்லுதானே? சேறா என்ன?"

"புல்லுதான்" என்றார் டார்ன்லி. சாப்பிடவில்லை.

சனிக்கிழமை மைதானத்தில் வெயில் வெள்ளையாக அடித்தது. அதைவிட வெள்ளையான உடுப்பில் தளபதி நாற்காலியில் அமர்ந்திருந்தார். பெரிய மேளம் அதிர்ந்தது. கப்பல் சாய்ந்தது. நர்ஸ் உடையிலிருந்த பெண்களோடு அயாந்தியும் விழுந்தாள், மாலுமிகள் விழுந்தார்கள், மரவாளைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு அட்மிரலும் விழுந்தார். அயாந்தியின் கன்னம் புல்லில் இருந்தது. அவள் கண்ணுக்கு நேரே ஒரு ஜோடி பூட்ஸ் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

மேளம் நிற்கவில்லை. ஒவ்வோர் அடியும் தரை வழியாக அவள் பல்லுக்குள் வந்து இறங்கியது. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். தளபதி முன்னால் குனிந்து பார்த்தார்.

"விழுய்யா" என்று புல்லுக்குள்ளிருந்து பல்லைக் கடித்தார் லாஷ்லி. "உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், விழு!"

பூட்ஸ் நகரவில்லை.

படு, விழு, மண்டியிடு என்று அவரிடம் சொல்லாதவர் ஊரில் இல்லை. அவளே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அயாந்தி தலையைத் தூக்கினாள்.

"டார்ன்லி" என்றாள். "கீழ வச்சிடு."

டார்ன்லி பக்கரின் குனிந்தார். இரண்டு கைகளிலும் இருந்ததைப் புல்லின்மேல் மெல்ல இறக்கி வைத்தார். உருளாமல் நிற்கிறதா என்று ஒரு கணம் பார்த்தார். பிறகு அதன் பக்கத்தில் படுத்தார்.