படத்தில் வந்த கை

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். எந்த இடத்தில் எந்த ‘ர’ வரும் என்பதில் இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம்தான். பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கரமனையில் ஒரு ஹோட்டலில் இருபது வருஷத்துக்கு மேலாகச் சப்ளையர். மேஜைக்காரர்கள் கேட்டதை எழுதி அடுக்களையில் கொடுப்பதைத் தவிர வேறு எழுதிப் பழக்கமில்லை.

வாசகசாலைச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி அந்த டாக்குமெண்டரிப் படத்தைப் போட்ட ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றிருந்த நான் கண்டது ஒரு கையை. சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் சிகரெட்டைச் செருகி, கையை மூடி, கட்டைவிரல் பக்கத்து இடைவெளியில் வாய் வைத்து இழுக்கிற கை. மலையில் காற்றும் மழையும் நெருப்பை அணைத்துவிடாமல் இருக்க அப்படித்தான் பிடிப்பார்களாம். எனக்கு அதைச் சொன்னது எங்கள் கடை டீ மாஸ்டர். திரையில் இருந்தது அவருடைய கை.

படம் பொன்முடிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டின் லயங்களை, அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளைப் பற்றியது. மாஸ்டர் அங்கே ஒரு லயத்தில் பிறந்தவர். அவருடைய தங்கை அப்போதும் அதே ஒற்றை அறையில் இருந்தாள். வேலை நின்றுபோன பிறகும் யூனியன் சொல்லுக்காகக் கம்பெனிக்காரர்கள் அவளை அங்கே விட்டுவைத்திருந்தார்கள். படம் எடுத்த பிள்ளைகள் மாஸ்டரிடம் முகத்தைக் காட்ட மாட்டோம், குரலை மாற்றிவிடுவோம் என்று வாக்குக் கொடுத்து, அதன்படியே கையையும் அட்டை கடித்த காலையும் மட்டும் காட்டியிருந்தார்கள். முகத்தையும் குரலையும் மறைத்தால் ஆளை மறைத்தாயிற்று என்று மாஸ்டரும் நம்பிவிட்டார். கையைப் பற்றி யாருக்கும் நினைப்பு வரவில்லை.

அந்தக் கைக்குரியவர் படத்தில் இவ்வளவுதான் சொன்னார்: “கூரை ஒழுகுதுன்னு கம்பெனிகிட்ட போனா, யூனியனைக் கேளுங்கிறான். யூனியன்கிட்ட போனா, கம்பெனியைக் கேளுங்கிறான். ரெண்டு பேரும் ஒரே ஜீப்புலதான் மலை ஏறி வரான்.”

மறுநாள் காலையிலிருந்தே கடை இரண்டாகப் பிரிந்துவிட்டது. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், அகரத் தெருக்காரர், புட்டைப் பிசைந்துகொண்டே, “மலையில போய்ப் பாத்துட்டு அப்புறம் பேசுங்கோ. அந்த ஜீப் வார்த்தை ஒண்ணு போறும்” என்றார். எதிர் மேஜையில் யூனியன் சார். அந்த எஸ்டேட் யூனியனுக்கும் அவர்தான் பொறுப்பு. “எந்த மலை சாமி? அது காசு கொடுத்துக் கூட்டிட்டு வந்த நடிகன். அட்டை கடிச்ச காலா அது? மேக்கப்” என்று சிரித்தார். அவரோடு பாதிக் கடை சிரித்தது. சுவரில் புகை பிடிக்கக்கூடாது என்ற போர்டு இருந்தது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்து அவர் மட்டும் பிடிப்பார். முதலாளி அந்த நேரத்தில் காலண்டரைப் பார்ப்பார்.

குமாஸ்தா விடவில்லை. “மாஸ்டரே, நீங்க மலைக்காரர் அல்லே? அவன் சொன்னது சரிதானே?”

மாஸ்டர் பாய்லரைப் பார்த்தபடி நின்றார். “எனக்கு எங்க சாமி தெரியும்? சின்ன வயசுலயே இறங்கி வந்துட்டேன்” என்று சொல்லி டீயை ஆற்றினார். ஒரு கிளாஸ் டீயை அவ்வளவு நேரம் ஆற்றி நான் பார்த்ததில்லை. தான் சொன்னதைப் பொய் என்கிறார்கள். உண்மை என்று ஒரு வார்த்தை சொன்னால் தங்கை தெருவில் நிற்பாள்.

நாலைந்து நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு யூனியன் சார் தனியாக வந்தார். பாக்கெட்டைத் திறந்து நீட்டினார். “ஒண்ணு வலிங்க மாஸ்டரே.”

“கடைக்குள்ள கூடாதுல்ல சார்.”

“நான் வலிக்கலையா? முதலாளி ஒண்ணும் பறயமாட்டார். எடுங்க, பாக்கட்டும்.”

அவர் பார்த்துக்கொண்டிருந்தது மாஸ்டரின் முகத்தை அல்ல. நான் துடைத்த மேஜையையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் வாங்காவிட்டாலும் சந்தேகம், வாங்கினால் விரல் தானாகப் போய்ச் சேருகிற இடம் அவருக்கே தெரியும். எனக்கு அந்நியரிடம் பேசவே வராது. அன்றைக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. “எனக்கு ஒண்ணு தாங்க சார்” என்றேன்.

வாங்கி, சுண்டு விரல் இடுக்கில் செருகி, கையை மூடி இழுத்தேன். இருமல் பிடித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யூனியன் சார் என் கையையே பார்த்தார். “எடா அண்ணாச்சி, நீ எந்த மலை?”

“மலை இல்ல சார், பணகுடி. எங்க ஊர்ல காத்து ஜாஸ்தி. எல்லாரும் இப்படித்தான்.”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றிலிருந்து எனக்குக் ‘காத்தண்ணாச்சி’ என்று பெயர்.

அந்தப் பிடி மலைக்காரருக்கு மட்டும் உரியது இல்லை என்று ஆகிவிட்டது, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். கொல்லையில் பாத்திரம் தேய்க்கும் இடத்தில் மாஸ்டர் என் தோளைப் பிடித்தார். “தம்பி, நீ செஞ்சது பெரிய காரியம். ஆனா, ரெண்டு பேரும் பொய்க்குள்ள மாட்டிக்கிட்டோம்டா.” அதற்குப் பிறகு அவர் சிகரெட்டைத் தொடவில்லை. பாய்லர் முன்னால் நிற்கும்போது அந்தக் கை சும்மாவே மூடி மூடித் திறக்கும். நானோ அதுவரை ஒரு பீடிகூடக் குடிக்காதவன். யூனியன் சார் வந்தாலே, “காத்தண்ணாச்சி, வாடா” என்பார். வேண்டாம் என்றால் அன்று சொன்னது பொய்யாகும். போர்டுக்குக் கீழே நின்று, இழுத்து, இருமுவேன். முதலாளி காலண்டரைப் பார்ப்பார். மேஜைகளில் அந்தப் படத்தைப் பற்றி எப்போது பேச்சு வந்தாலும், நடிகன் என்ற வார்த்தை மாஸ்டர் காதில் விழும். போகப் போகக் குமாஸ்தாவே, “நடிகனை வச்சுத்தான் எடுத்திருப்பான் போல” என்று சொல்லத் தொடங்கினார். அன்று மாஸ்டர் சாப்பிடவில்லை.

போன வருஷம் மாஸ்டர் இறந்தார். மாஸ்டர் போனாலும் தங்கை லயத்தில் இருந்ததால் என் வேஷம் கலையவில்லை. போன வாரம் அவளே அறையைக் காலி செய்து, திருப்பூரில் இருக்கும் மகளிடம் போய்விட்டாள். இனி அந்த மலையில் பிடுங்கிக்கொள்ள எங்களுடையது எதுவும் இல்லை. நேற்றும் யூனியன் சார் பாக்கெட்டை நீட்டினார். நான் வாங்கவில்லை. காரணம் கேட்டார். சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

படத்தில் பேசியது நடிகன் இல்லை. எங்கள் மாஸ்டர். காசு வாங்கவில்லை. ஜீப்பை அவர் தன் கண்ணால் பார்த்தவர்.

ஐப்பசி மாதம், அடைமழை, செவ்வாய்க்கிழமை.