பினாங்கு பார்த்த பெட்டி

கம்பியின் இரண்டு நுனிகளையும் உள்ளங்கையில் வைத்து ஒருமுறை ஊதுவார். சாரத்தின் ஓரத்தில் துடைப்பார். பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு, நாக்கின் நுனியை மட்டும் வெளியே நீட்டி, குழந்தைக்கு மருந்து தடவுகிற கவனத்தோடு இரண்டையும் அதன்மேல் வைப்பார். முகம் ஒரு கணம் சுருங்கும். மூடிய கண் திறக்கும்.

"புளிக்குது" என்பார் ஜமால்தீன்.

சோதனை முடிந்தது. மின்சாரம் ஓடுகிறது என்று அர்த்தம். அந்தப் புளிப்பிலும் தரம் பிரித்து வைத்திருக்கிறார். கொறக்காப் புளி என்றால் டைனமோ நல்ல வாலிபத்தில் இருக்கிறது. எலுமிச்சை என்றால் பாதகமில்லை, மலை ஏறிவிடும். புளித்த மோர் என்றால் துணிச் சுற்றுக்குள் எங்கேயோ கம்பி அறுந்து கிடக்கிறது, தேடவேண்டும். ஒன்றுமே புளிக்காவிட்டால் வண்டிக்காரரை நிமிர்ந்து பார்க்காமல், "நாளைக்கு வாங்களேன்" என்பார்.

பலாங்கொடைக் கடைத்தெரு மலைப்பாதையாகத் திரும்புகிற வளைவில், மண்ணெண்ணெய்க் கடைக்கும் தேங்காய் மொத்த வியாபாரிக்கும் நடுவே ஒரு ஒற்றைக் கதவுக் கடை அவருடையது. தோட்டங்களின் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் மலைக்கு ஏறுமுன் அங்கே ஒருமுறை மூச்சு வாங்கும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கார்பைட் விளக்குதான். நாற்றம் பிடித்த அந்த விளக்குக் கொஞ்சம் சாரல் அடித்தாலும் கண்ணை மூடிக்கொள்ளும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு டைனமோவும் மின்சார விளக்கும் ஹார்னும் வைத்து, வண்டியின் உடம்பெங்கும் கம்பி இழுத்துக் கொடுப்பது ஜமால்தீனின் தொழில். வண்டிகளுக்கு அவர் தனியாகப் பெயர் வைப்பதில்லை. சொந்தக்காரரின் உத்தியோகமே வண்டிக்கும் பெயர். "டீமேக்கர் காலையிலிருந்து இருமுறார்" என்பார். "சின்னத்துரைக்குப் பின்னால காத்து இல்ல" என்பார். புதிதாகக் கடைக்கு வருகிறவர்கள் திடுக்கிட்டுப் போவார்கள்.

அவருடைய வாப்பா இரத்தினக் கல் தரகர். மகனும் கல்லைப் பார்ப்பான் என்றுதான் ஊர் நினைத்தது. "கல்லுப் பாக்கிறவன் ஒரு நாள் ராசா, மத்த நாளெல்லாம் பக்கீர். கம்பிக்கு அந்தக் கொழுப்பு இல்ல" என்று சொல்லிவிட்டார் ஜமால்தீன்.

கப்பலில் வருகிற வயர் எல்லாம் ஒரே கறுப்பு. எது விளக்குக்குப் போகிறது, எது ஹார்னுக்குப் போகிறது என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் அவருடைய மனைவி ரஹ்மா வண்ண நூல் சுற்றிக் கொடுப்பார். விளக்குக்கு மஞ்சள், ஹார்னுக்குச் சிவப்பு, எர்த்துக்குப் பச்சை. தன் கலியாணச் சேலைக்கு ஓரம் தைத்து மிஞ்சிய நூல்கண்டில் அவர் இதைத் தொடங்கினார் என்று சொல்வார்கள். மலைமேல் மழையில் ஓடுகிற வண்டிகளின் இருட்டு வயிற்றுக்குள் அந்தக் கலியாண நிறங்கள் போய்க்கொண்டிருக்கின்றன, வண்டிக்காரர்களுக்குத் தெரியாது.

கம்பி அவர் கைக்கு அடங்கும். கப்பல்தான் அடங்காது.

சாமான் எல்லாம் இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். ஏறினால் இறங்கவேண்டும், இறங்கினால் கொழும்புத் துறைமுகத்தின் கிட்டங்கியிலிருந்து வெளியே வரவேண்டும், அங்கிருந்து சின்ன ரயிலில் ஓப்பநாயக்க வரைக்கும், பிறகு லொறியில். கொழும்பிலிருந்து வருகிற யாரைக் கண்டாலும் ஜமால்தீன் கப்பலைத்தான் விசாரிப்பார், கட்டிக்கொடுத்த மகளை விசாரிப்பதுபோல. "இப்ப ஏடன்ல நிக்கிறாளாம். அங்க நிலக்கரி போட்டுக்கிட்டுத்தான் வருவா" என்று ரஹ்மாவிடம் வந்து சொல்வார். ஓப்பநாயக்க ஸ்டேஷன் போர்ட்டருக்கு ஒரே பதில்தான்: "ஹெட்ட எனவா, முதலாளி." நாளைக்கு வரும். "அந்த மனிசன்ட நாளைக்கு எந்தக் கலண்டர்லயும் இல்ல" என்பார் ஜமால்தீன், கோபமில்லாமல்.

போன வருஷம் அவருக்கு ஊசிமலைத் தோட்டத்து வேலை வந்தது. தோட்டத்து டிஸ்பென்சர் மருந்துப் பையோடு தொழிலாளர் குடியிருப்புகளுக்கு லயன் லயனாகப் போகிறவர். பனிமூட்டத்தில் கார்பைட் விளக்கு அணைந்து, வண்டியோடு பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து, முழங்கை வீங்கிக் கிடந்தார். பெரிய துரை யோசித்தார். இந்த ஒரு வண்டிக்கு ஜமால்தீன் மின்சார விளக்கு வைத்துக் காட்டட்டும். நன்றாக இருந்தால் சுற்றியுள்ள தோட்டத்து வண்டிகள் எல்லாம் அவரிடம் வரும். இல்லாவிட்டால் எல்லாம் கொழும்பு கராஜுக்கு. அப்படிப் போய்விட்டால் இனி மலையிலிருந்து ஒரு வண்டியும் வளைவில் நிற்காது என்று ஜமால்தீனுக்குத் தெரியும்.

டிஸ்பென்சரின் வண்டி கடைக்கு வந்து நின்றது. சாமான் வரவில்லை. விசாரித்தால், கப்பல் கொழும்புக்கு வந்தே போய்விட்டதாம். பெட்டி அடியில் கிடந்ததால் இறக்க மறந்து, பினாங்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்னொரு கப்பலில் திருப்பி அனுப்புவார்களாம்.

"நான் இரத்தினபுரி தாண்டல்ல. என்ட பொட்டி பினாங்கு பாத்துட்டு வருது" என்றார் ஜமால்தீன்.

ரஹ்மா சிரிக்கவில்லை. "துரைக்கு என்ன செல்லப் போறீங்க?"

"பொட்டி சபுருல, தூரப் பயணத்துல போயீக்கிதுண்டு செல்ற."

துரை இரண்டுமுறை தவணை கொடுத்தார். மூன்றாவது தவணை நோன்பு மாதத்துக்குள் விழுந்தது. பெட்டியும் அப்போதுதான் வந்தது, ஒரு வெயில் மத்தியானத்தில், லொறியின் தேங்காய் மூட்டைகளுக்கு நடுவே.

பிரித்துப் பார்த்தால் வைக்கோலுக்குள் கண்ணாடித் தூள். பல்புகளில் ஒன்றுகூட முழுசாக இல்லை. டைனமோ மட்டும் எண்ணெய்க் காகிதத்தில் சுருண்டு படுத்திருந்தது. இரத்தினபுரியிலிருந்து பல்பு வரவழைக்கலாம். ஆனால் டைனமோ உயிரோடிருக்கிறதா? அதை வண்டியில் பூட்டி, எஞ்சினை ஓடவிட்டு, கம்பி நுனிகளைக் கையில் எடுத்த ஜமால்தீன் அப்படியே நின்றார்.

நோன்பு.

நோன்பு மாதத்தில் பகலில் அவர் கம்பியை நாக்கில் வைப்பதில்லை. சின்னப் பல்பு ஒன்றை வைத்துச் சமாளிப்பார். அந்தப் பல்பு முந்தின கிழமைதான் புகைந்துபோயிருந்தது. பெட்டியை நம்பி வேறு வாங்கவில்லை. பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டுப் பார்க்கலாமே என்று முன்பொருமுறை தேங்காய்க்காரர் சொன்னார். "கேட்டா, வெச்சிக்கொள்ளுங்கண்டு செல்லிருவார். பொறகு நான் என்னத்தச் செய்ற?" என்றார் ஜமால்தீன். "ருசி ஈக்கிறதுதானே அது? ருசி ஈக்கிறது நோம்புக்கு வாணாம்." கம்பிகளை ஒன்றோடொன்று உரசிப் பொறி பறக்கிறதா என்று பார்க்கவும் மாட்டார். "புது மாப்பிளைய கன்னத்துல அறைஞ்சா சோதிக்கிற?"

அந்த நேரத்தில்தான் பழனியாண்டி வந்தான். ஊசிமலைத் தோட்டத்துத் தபால் பையைத் தினமும் சுமந்து இறங்கி ஏறுகிறவன். வெற்றிலை ஒரு கன்னத்தில் நிரந்தரக் குடியிருப்பு.

"மொதலாளி, பெரிய கிளாக்கரு கையோட பதிலு வாங்கியாரச் சொன்னாருங்க. ஆவுமா ஆவாதான்னு. இல்லேன்னா தொரை இன்னைக்கே கொழும்புக்குக் காயிதம் எளுதிப்புடுவாராம்."

ஜமால்தீன் கம்பியைப் பார்த்தார். பழனியாண்டியைப் பார்த்தார். "பழனியாண்டி, ஒனக்கு நோம்பு இல்லதானே?"

"எங்கிட்டு மொதலாளி! காலையிலேயே ரொட்டியைத் தின்னுபுட்டுத்தானே எறங்குனேன்."

"அப்ப நாக்க நீட்டு."

விஷயம் விளக்கப்பட்டது. பழனியாண்டி வெற்றிலையைத் துப்பினான். துண்டால் வாயைத் துடைத்தான். தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். எஞ்சின் படபடவென்று அதிர்ந்துகொண்டிருந்தது. கடை மூலையில் நின்ற எண்ணெய்ப் பீப்பாய்ப் பக்கம் திரும்பிக் குனிந்து கம்பியை வாய்க்குக் கொண்டுபோனான்.

"புளிக்குதா?"

"இல்லீங்க."

"நல்லா வெய்யி. கொஞ்சமாச்சும்? மோர் மாதிரி?"

"ஒண்ணுமே இல்லீங்க மொதலாளி. நூலை நக்குனாப்புல இருக்குங்க."

மூன்றுமுறை வைத்தான். மூன்றுமுறையும் நூல்தான்.

ஜமால்தீன் எஞ்சினை அணைத்தார். தெருவின் சத்தமெல்லாம் ஒரேயடியாகக் கடைக்குள் வந்தது. "பினாங்கு உப்புக் காத்து குடிச்சிட்டுது" என்றார். பிறகு, பொய் சொல்லி ஒரு நாள் வாங்கலாமா என்று நினைத்ததைப்போலக் கம்பி நுனிகளை ஒருமுறை மடக்கி நிமிர்த்திவிட்டு, "போய்ச் செல்லு. டைனமோ பழுதுண்டு செல்லு" என்றார். பழனியாண்டி தலைப்பாகையைக் கட்டாமலே மலையேறினான்.

அன்று பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து வண்டியின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். ரஹ்மா கஞ்சிக்குத் தேங்காய் துருவிக்கொண்டே சொன்னார்: "ஒங்களுக்கும் ஆள் கெடச்சிச்சே! பொயிலையும் சுண்ணாம்பும் திண்டு வெந்த நாக்கு அது. கொச்சிக்காய வெச்சாலும் அந்த மனிசனுக்கு ஒறப்புத் தெரியா."

ஜமால்தீன் மெதுவாக நிமிர்ந்தார்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம் ஒன்று, தண்ணீர் ஒரு மிடறு. கஞ்சிக் கோப்பை ஆவி பறக்க வந்தது. அவர் அதற்குள் எஞ்சினை உதைத்துவிட்டிருந்தார். கம்பியை ஊதவில்லை, துடைக்கவில்லை, கண்ணை மூடவும் மறந்துபோனார்.

"ரஹ்மா! கொறக்கா! அசல் கொறக்கா!"

மறுநாள் சஹர் சாப்பாடு முடித்து, விடிந்ததும் விடியாததுமாக விளக்கில்லாத டிஸ்பென்சரிலேயே ஏறி மலைக்குப் போனார். ஆபீசில் பெரிய கிளாக்கர் நல்லையா கொழும்புக் கடிதத்துக்கு உறை ஒட்டிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகத்தான் மனிதர்களைப் பார்ப்பார். வாசலில் பழனியாண்டி தபால் பையோடு நின்றான்.

"என்ன காணும், நேற்றுப் பழுது எண்டு சொல்லிவிட்டீர். இண்டைக்கு அதிலேயே ஏறி வந்து நிக்கிறீர்?"

"டைனமோ நல்லாயீக்கிது ஐயா."

"அப்ப இவன் என்ன புலம்பினவன்?" நல்லையாவின் கண்கள் வாசலுக்குப் போயின. "துரையிட்டைப் பிழையான சேதி சொன்னதுக்கு உவனை மண்வெட்டியோடை மலைவெட்டுக்கு அனுப்பவேணும்."

பழனியாண்டியின் கை தபால் பையை இறுக்கிக்கொண்டது. ஜமால்தீன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"அவன் நான் சென்னதத்தான் வந்து சென்ன. பிழை என்ட. எர்த் கம்பிய இறுக்காம சோதிச்சிட்டேன் ஐயா. நோம்புக் களைப்பு."

"எர்த்தை இறுக்க மறந்தீரோ! இதுதான் உம்மடை வயரிங்கோ? இதை நம்பியோ ஒரு மனிசன் இருட்டுக்குள்ளை ஓடுறது?"

உள்ளேயிருந்து துரை வந்தார். நல்லையா இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எர்த் என்ற சொல் இரண்டுமுறை வந்தது. அந்த இரண்டுமுறையும் ஜமால்தீன் தரையைப் பார்த்தார். துரை அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தோட்டத்துத் தமிழில், "நீ லைட் கொண்டா. நான் பாக்கணும். பொறகு பேசு" என்றார். கொழும்பு உறை மேசையிலேயே கிடந்தது.

இரத்தினபுரிப் பல்பு வந்து, ஊசிமலை ஆபீஸ் முற்றத்தில் அந்தியில் விளக்கு எரிந்தபோது, பனிமூட்டத்துக்குள் ஒரு வெள்ளைப் பாதை நீண்டு போய்த் தேயிலைச் செடிகளில் ஏறியது. கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பிய பெண்கள் அதன் நடுவே நின்று தங்கள் நிழலைப் பார்த்துச் சிரித்தார்கள். டிஸ்பென்சர் இன்னும் சரியாக மடங்காத கையோடு கைதட்ட முயன்றார். துரை ஹார்னை அடித்துப் பார்த்தார், இன்னொருமுறை அடித்தார்.

இப்போது சுற்றுவட்டத் தோட்டத்து வண்டிகள் எல்லாம் வளைவில்தான் நிற்கின்றன. அடுத்த பெட்டி எங்கேயோ கடலில் இருக்கிறது. "மால்டா தாண்டிட்டாளாம்" என்கிறார். நல்லையா பலாங்கொடைக்கு இறங்குகிறபோதெல்லாம் காரை நிறுத்தி, கடைத்தெரு கேட்க, "என்ன காணும், எர்த் இறுக்கியாச்சோ?" என்று கேட்பார். "இறுக்கியாச்சு ஐயா" என்று ஜமால்தீனும் உரக்கச் சொல்வார். கடைத்தெரு சிரிக்கும். ரஹ்மா மட்டும் உள்ளேயிருந்து நூலைப் பல்லால் கடித்து அறுப்பார்.

கடைத்தெருவுக்குத் தெரியாத ஒன்று பின்னால்தான் வெளியே வந்தது. அந்த நோன்புப் பெருநாளன்று பழனியாண்டி வந்திருந்தான். உள்ளே வராமல், வெற்றிலை போடாத வாயோடு, கதவைப் பிடித்துக்கொண்டே நின்றானாம். கேட்டுக் கேட்டுப் பார்த்தபிறகுதான் வாயைத் திறந்தான். வெற்றிலைமேல் ஒரு குற்றமும் இல்லை. அன்றைக்கு மூன்றுமுறையும் கம்பி அவன் நாக்கைத் தொடவேயில்லை. எஞ்சின் போட்ட சத்தத்தில் குலை நடுங்கி, உதட்டுக்கு ஒரு விரல்கடை தள்ளியே பிடித்துக்கொண்டு, இல்லீங்க, இல்லீங்க என்று சொல்லியிருக்கிறான்.

ஜமால்தீன் அவனுடைய கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்தார். ரஹ்மா கொண்டுவந்த பெருநாள் இனிப்பை, வட்டலாப்பத்தை அவன் பக்கம் நகர்த்தினார்.

"இதுல கரண்டு இல்ல. தைரியமா நாக்க வெய்யி."