கல்லோடையில் நான் தண்ணீர் சொல்லாத நாள்

எங்கள் அக்கா கல்லோடையின் தலைமாட்டில் பிறந்தவர். அதன் கால்மாட்டில் வாழ்க்கைப்பட்டவர். இரண்டு ஊருக்கும் நடுவே ஓடையோடு நடந்தால் ஒன்பது கிலோமீட்டர். அறுபத்தெட்டு வயது வாழ்க்கையை அதற்குள்ளேயே வாழ்ந்து முடித்துவிட்டார். முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு, "அம்மாவைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடு மாமா" என்று அக்கா மகன் கேட்டபோது சரியென்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் ஓடைதான் எழுத வருகிறது. மலரைக் கையில் வாங்கும் உறவினரும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாகலாபுரத்துப் பக்கத்து மலையில் இரண்டு பள்ளங்களில் கசியும் நீர் எங்கள் மேலூருக்கு மேலே ஒரு மடுவில் சேர்ந்து ஓடையாகிறது. நாங்கள் கல்லோடை என்போம். ரெவின்யூ ரிகார்டில் அதையே தெலுங்கில் ராள்ளவாகு என்று எழுதியிருக்கும். ஜில்லா சித்தூராக இருந்து இப்போது திருப்பதியாகிவிட்டது. ரிகார்டில் அந்தப் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. மாந்தோப்புகளுக்கு நடுவே வளைந்து, தார் ரோட்டின் தரைப்பாலத்தைத் தாண்டி, கீழூரை ஒட்டிப் போய் ஏரியில் விழும். ஏரி நிரம்பினால் கலங்கல் வழிந்து ஆரணியாற்றில் சேர்ந்து தமிழ்நாட்டுக்குப் போய்விடும். "நம்ம தண்ணிக்கு மட்டும் பஸ் டிக்கெட்டே வேணாம் பாரு" என்று சொல்லி அக்கா சிரிப்பார்.

எங்கள் தாத்தா காலத்தில் ஓடை இந்த வழியில் ஓடவில்லை. ஊருக்குத் தெற்கே ஓடியது. ஒரு புயலில் கரையை அறுத்துக்கொண்டு வடக்கே வந்துவிட்டதாம். பழைய வழிக்கு இன்றைக்கும் செத்த ஓடை என்றுதான் பெயர். எங்கள் அப்பா, நைனா என்போம், மாங்கன்று வைத்தது அந்த மணலில்தான். சின்ன வயதில் அக்காவும் நானும் அந்தக் கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்தோம். அக்கா இரண்டு குடம், நான் ஒரு சொம்பு. சொம்பையும் பாதி வழியில் கொட்டிவிட்டு அழுவேன். அக்கா தன் குடத்திலிருந்து ஊற்றிக் கொடுப்பார். ஐந்தாவதோடு அக்காவைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது இந்தக் கன்றுகளுக்காகத்தான். நான் தொடர்ந்து படித்தது அவை காய்த்த காசில்.

பத்தொன்பது வயதில் அக்காவைக் கீழூரில் கொடுத்தார்கள். மேலூர்ப் பெண்களில் பாதிப்பேர் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறார்கள். அதனால் வந்ததுதான் 'தண்ணி சொல்றது' என்கிற வழக்கம். மலையில் மழை கொட்டினால் கீழூரில் வெயில் காயும். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் ஊருக்கு மேலே அம்மிப்பாறை என்று ஒரு பாறை உண்டு. அது முழுகினால் ஒன்றரை மணி நேரத்தில் வெள்ளம் கீழூரில் இருக்கும். பாறை முழுகியதும் ஒவ்வொரு வீட்டுக்காரனும் தன் வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அந்தக் காலத்தில் சைக்கிளில் போவோம், பிறகு போன் வந்தது. கீழூரில் சிக்னல் ஒரு வீட்டில் எடுக்கும், அடுத்த வீட்டில் எடுக்காது. ஊர் மொத்தத்துக்கும் ஒருவன் சொன்னால் போதும்தான். ஆனால் பிறந்த வீட்டிலிருந்து சொல் வராமல் ஒரு பெண்ணும் ஓடைக்குள் கட்டிய மாட்டை அவிழ்க்க மாட்டாள். எங்கள் வீட்டில் சொல்லுகிறவன் நான். முப்பது வருடத்துக்கு மேல் ஒரு மழைக்கும் தவறவிட்டதில்லை. ஒரு மழையைத் தவிர.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு கோடை. பிஞ்சு உதிர்ந்துகொண்டிருந்தது. மேலூர்க்காரர்கள் சேர்ந்து ஓடைக்குக் குறுக்கே மணல் மூட்டை அடுக்கி, கசிந்து வருகிற நீரையும் மோட்டார் வைத்துத் தோப்புக்கு இழுத்தோம். கீழூரில் குடிக்கிற கிணறு வற்றியது. அவர்கள் திரண்டு வந்தார்கள். ரெவின்யூ ஆட்கள் நடுவில் உட்கார, புளியமரத்தடியில் பேச்சு தெலுங்கில் நடந்தது. ஆபீஸ் விஷயம் என்றால் எங்கள் பக்கத்தில் தெலுங்குதான். கீழூர்க் கூட்டத்தில் அக்காவும் நின்றிருந்தார். தம்பி முகத்துக்காகச் சும்மா இருப்பார் என்று நான் நினைத்தேன். அவர் முன்னால் வந்து என்னைப் பார்த்து, "மீரு மூட்டலு தீசேயண்டி" என்றார். நீங்கள் மூட்டையை எடுத்துவிடுங்கள் என்று அர்த்தம். என்னை 'டேய்' என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டு அறியாத வாய். அத்தனை பேர் எதிரில், தெலுங்கில், அன்னியனைக் கூப்பிடுகிற மாதிரி 'நீங்கள்'! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மூட்டையை எடுத்துவிட்டோம். அக்கா எங்கள் வீட்டுக்குள் வராமல் அவர்களோடு டிராக்டரில் ஏறிப் போய்விட்டார். சபையில் எல்லோருக்கும் புரியட்டும் என்று பேசியிருப்பார், அவ்வளவுதான். இது எனக்கு உறைக்க வருடக்கணக்காயிற்று. நான் வீம்பு பிடித்தவன், எல்லோருக்கும் தெரியும்.

ஆறு மாதம் பேசவில்லை. ஐப்பசியில் ஒரு மதியம் மலை கறுத்தது. இரண்டு மணிக்கு அம்மிப்பாறை முழுகியதை நான் கண்ணால் பார்த்தேன். கையில் போன் இருந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தங்கள் பெண்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "இன்னாப்பா, அக்காவுக்குச் சொல்லிட்டியா?" என்று ஒருவர் கேட்டார். "ஆச்சு" என்றேன். பக்கத்து வீட்டுக்காரி சொல்லாமலா போவாள், ஒரு தடவை ஊரார் வாயால் கேட்கட்டும், தம்பி அருமை தெரியட்டும் என்று நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தது அதுதான்.

பக்கத்து வீட்டு அம்மா ஓடிப்போய்ச் சொல்லத்தான் செய்தார். "தண்ணி வந்துக்கினு இருக்குதாம், மாட்டை அவுத்துவுடு" என்றாராம். அக்கா சிரித்துக்கொண்டே, "என் தம்பிக்கிட்ட இருந்து இன்னும் போன் வரல. பாறை முழுகியிருந்தா அவன் சொல்லாம இருப்பானா? நேரம் இருக்குது, நீ போய்த் துன்னுட்டு வா" என்றிருக்கிறார். அடுப்பு வேலையை முடித்துவிட்டுத்தான் ஓடைக்குள் இறங்கினார். பசுவை மேடேற்றிவிட்டார். கன்றுக்குட்டிக்குத் திரும்பியபோது தண்ணீர் வந்துவிட்டது. கல்லிடுக்கில் மாட்டிக்கொண்ட காலை விடுவித்து நாலு பேர் இழுத்துக் கரையில் போட்டபோது வலது தொடை எலும்பு முறிந்திருந்தது. கன்று போய்விட்டது.

திருப்பதி ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது மணி ஏழு. என்ன சொல்லி உள்ளே போவதென்று தெரியாமல் வாசலில் நின்றேன். அக்காதான் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "வாடா. பாவம், நீ போன் பண்ணிப் பண்ணி அலுத்துப் போயிருப்ப. எங்க ஊர்ல டவர் எங்க எடுக்குது?" என்றார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் மாமா, அக்காவின் வீட்டுக்காரர், தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் தலையாட்டினேன். வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை என்று அப்போது எனக்கு ஒரு சமாதானம். தலையாட்டினால் பொய் இல்லையா? அடப்பாவி!

அதற்குப் பிறகு அக்கா கோல் ஊன்றித்தான் நடந்தார். புரட்டாசியில் அலிபிரியிலிருந்து குடும்பத்தோடு திருமலைக்கு ஏறுவோம், அக்காதான் முன்னால் போவார். கால் போன பிறகு முதல் படியில் சூடம் ஏற்றிவிட்டு, "நீங்க போய்க்கினு வாங்க, நான் இங்கேயே பையைப் பாத்துக்கினு இருக்கறேன்" என்று உட்கார்ந்துகொள்வார். நாங்கள் இறங்கி வரும்வரை அங்கேயே இருப்பார். மேலே போய் சாமி எதிரில் என்ன வேண்டிக்கொள்வதென்று எனக்குத் தெரிந்ததில்லை.

கீழூருக்கு ஒரு டவர் வேண்டும் என்று மண்டல ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுக்கத் தொடங்கினார். மனுவைத் தெலுங்கில் எழுதித் தர என்னிடம்தான் வருவார். "உன் கையெழுத்து நல்லா இருக்கும்டா. வெள்ளத்தன்னிக்கு என் தம்பி பண்ண போன் வரல, அதனால கால் போச்சுன்னு எழுது" என்பார். எழுதினேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. அக்காவுக்கு எல்லாம் தெரியும், ஊருக்கு முன் என் மானத்தைக் காப்பாற்ற டவர் மேல் பழியைப் போடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் தெரிந்தே மன்னித்துவிட்டார், இனி நான் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை என்று அதில் எனக்கு ஒரு வசதியும் இருந்தது. மன்னிப்புக் கேட்க ஆறு வருடம் நேரம் இருந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் வரிசை எடுத்துப் போனேன், சாப்பிட்டேன், திரும்பி வந்தேன்.

போன வருடம் மாசியில் நெஞ்சு வலி என்றார். நான்கு நாள் ஆஸ்பத்திரி. மூன்றாம் நாள் தனியாக இருந்தபோது, "அக்கா, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். "வீட்டுக்கு வந்து சொல்லுடா, இங்க ஒரே மருந்து வாடை" என்றார். வீட்டுக்கு அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தோம்.

கடைசி நாட்களில் இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஸ்ரீசிட்டி கம்பெனி வேலையிலிருந்து லீவு போட்டு வந்து நின்ற பிள்ளைகளுக்கும், அன்று ஓடையில் இறங்கி அக்காவை இழுத்துக் காப்பாற்றிய கீழூர் ஆட்களுக்கும், ஓடிவந்து எச்சரித்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், காரியத்துக்கு வந்திருந்த இரண்டு ஊராருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மாமா தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தமிழ் பேசுவார், படிக்க வராது. அதனால் அச்சுக்குக் கொடுக்கும் முன் இந்தக் கட்டுரையை அவர் எதிரில் உட்கார்ந்து நானே வாசித்தேன். அம்மிப்பாறை முழுகிய இடம் வந்ததும் தாளை மடித்துவிட்டேன். "படி, படி" என்றார். படித்தேன். 'அக்கா எல்லாம் தெரிந்தே என்னை மன்னித்தார்' என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தேன்.

"அது தப்பு மச்சான், அதை அடிச்சிடு" என்றார் மாமா. "அவளுக்குத் தெரியாது. நெஜமாவே டவர் இல்லன்னுதான் நம்பிக்கினு இருந்தா."

"உங்களுக்கு, மாமா?"

"எனக்கு அன்னிக்கே தெரியும். அவளைக் கரையில போட்டுட்டு, வீட்டுல இருந்த அவ போன்லதான் ஆம்புலன்ஸுக்குப் பண்ணேன். ஒரே ரிங்ல எடுத்தாங்க."

"அப்போ அக்காகிட்ட ஏன் சொல்லல?"

மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். "கால்தான் போச்சு. தம்பியும் போகணுமா அவளுக்கு?"

அந்த வரியை அடித்துவிட்டேன். கடைசி ஆறு வருடமும் எங்கள் அக்காவுக்கு ஒரு தம்பி இருந்தான் என்றால் அது மாமா காப்பாற்றிக் கொடுத்த தம்பி. அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.